வாய் தைக்காத மெத்தை

“நீ கிழிச்சது மெத்தையை இல்லண்ணே. என் சாட்சியை. ஊர்ல மிச்சம் இருந்த ஒவ்வொரு சாட்சியையும் தேடித் தேடிப் போய்ப் பிரிச்சுப் போட்டுட்டு வந்திருக்க.”

“மெதுவாப் பேசுடா. எதிர்வீட்டுல கேக்குது.”

“கேக்கட்டும். அந்தக்காவுக்குக் கேக்கலன்னாத்தான் எனக்குக் கவலை.”

அந்த அக்கா நான்தான். மாடி வராந்தாவில் ஈரத் துணி பிழிந்துகொண்டிருந்தேன். ஏற்கெனவே பிழிந்து காய்ந்தும் போயிருந்த போர்வையை எதற்கு மறுபடியும் பிழிந்தாய் என்று யாரும் கேட்டுவிடாதீர்கள். கீழே நடுத்தெருவில் அண்ணன் தம்பி இருவர் தொண்டை கிழியக் கத்தும்போது, கையில் ஏதாவது ஒரு வேலை இருப்பதுதான் மரியாதை.

கத்தியவர் தம்பி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவருடைய அண்ணன், எங்கள் வீட்டுக்கு நேரெதிரே கடை வைத்திருக்கும் மெத்தைக்காரர். நடுவில் மெத்தைக்காரரின் மனைவி ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். எல்லாருக்கும் பொறுமை போய் வெகுநாளாகியிருந்தது. அன்றைக்கு அது வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான்.

நடந்தது தெரிந்தால்தான் இந்தச் சண்டை புரியும்.

அவர்களுடைய அப்பா போன பிறகு கடையை இரண்டு பேரும் சேர்ந்துதான் நடத்தினார்கள். தம்பி துணி வெட்டி, உறையை மூன்று பக்கமும் மெஷினில் தைத்துக் கொடுப்பார். அண்ணன் பஞ்சை அடைத்து, திறந்திருக்கும் பக்கத்தைக் கோணி ஊசியால் கையாலேயே தைத்து மூடுவார். வாய் தைப்பது என்று அவர்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். ஒருமுறை மாணவர் விடுதி ஒன்றுக்கு மொத்தமாக மெத்தை செய்து கொடுத்தார்கள். முதல் மழையில் கூரை ஒழுகி ஒரு மெத்தை நனைந்து வெடித்தது. உள்ளே பார்த்தால் கிழிந்த கால்சட்டை, திரைச்சீலைத் துண்டு, யாருடையதோ பழைய பாவாடை. மேலே மட்டும் மரியாதைக்கு ஒரு கைப்பிடிப் பஞ்சு. விடுதிக்காரர் கோபத்தில் எல்லா மெத்தையையும் முற்றத்தில் குவித்துத் தீ வைத்துவிட்டு, கடைக்கு வந்து கத்தினார்.

அப்போது அவர்களுடைய அம்மா உயிரோடு இருந்தார். அந்தம்மா கடையில் உட்கார்ந்தால் ஊசி விழுகிற சத்தம் கேட்கும். அவ்வளவு கண்டிப்பு. அவர் முன்னால் மெத்தைக்காரர் சொன்ன பதில் இதுதான்: அந்த ஆர்டரின்போது நான் பஞ்சு வாங்க வெளியூர் போயிருந்தேன், அடைத்ததும் தைத்ததும் தம்பி.

தம்பி தலையில் அடித்துக்கொண்டு இல்லை என்றார். அப்படியானால் காட்டு என்றார் அம்மா. எதைக் காட்டுவது? எல்லாம் சாம்பலாகியிருந்தது. அன்றைக்கே தம்பி, கைக்குழந்தையோடும் மனைவியோடும் வீட்டைவிட்டு வெளியேறினார். வேன் ஓட்டப் போனார். அம்மா கடைசிவரை அவர் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது தம்பி வந்து கட்டில் பக்கத்தில் நின்றதும், அந்தம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டதை நானே பார்த்தேன். பழம் கொடுக்கப் போயிருந்தேன். பழம் கொடுக்க மட்டும்தான்.

இத்தனைக்குப் பிறகும் ஊர் அதை மெல்ல மெல்ல மறந்துவிட்டது. பிள்ளைகளைப் பத்திரமாகக் கொண்டுபோய் விட்டு, திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிற மனிதரின் பழைய கதையை யார் நினைவில் வைத்துக்கொண்டிருக்கப் போகிறார்கள்? அம்மாவைப் புதைத்து ஒரு மாதம் ஆகும் முன்பே மெத்தைக்காரருக்கு மனந்திரும்புதல் வந்தது. அங்கேதான் தொல்லை ஆரம்பம்.

மனந்திரும்புகிறவர்கள் சாதாரணமாக அழுவார்கள், உபவாசம் இருப்பார்கள், நான்கு நாளில் சரியாகிவிடுவார்கள். இவர் தள்ளுவண்டியில் புதுப் பஞ்சை ஏற்றிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பிவிட்டார். எங்கள் கடையில் அந்தக் காலத்தில் வாங்கிய மெத்தையா, உள்ளே இருப்பது நல்ல பஞ்சில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள், மாற்றித் தருகிறேன், எதுவும் தர வேண்டாம் என்பார். வாசலிலேயே வாயைப் பிரித்து, குப்பையை உருவிப் போட்டு, பஞ்சை அடைத்து, புதுத்துணியில் தைத்துக் கொடுத்துவிட்டுப் போவார். முதலில் ஜனங்கள் பயந்தார்கள். பிறகு கூப்பிட்டு அனுப்பினார்கள். வேறு கடையில் வாங்கியவர்கள்கூடத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதையும் அவர் மறுபேச்சில்லாமல் தைத்துக் கொடுத்தார்.

ஒவ்வொரு வாசலிலும் கேட்ட பேச்சு ஒன்றுதான். தம்பி செய்த அயோக்கியத்தனத்துக்கு அண்ணன் இப்படி அலைகிறாரே, எப்பேர்ப்பட்ட மனுஷன் என்பார்கள். மெத்தைக்காரர் ஆம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். தலையைக் குனிந்துகொள்வார். அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு படி மேலே தூக்கி வைத்தார்கள். விடுதி மெத்தைகள் மட்டும்தான் மோசம் என்று நினைத்திருந்த ஊருக்கு, ஊர் மெத்தை முழுக்கவும் மோசம் என்று இவராலேயே தெரிந்தது. அண்ணன் உயர உயரத் தம்பி தாழ்ந்தார். வேனில் பிள்ளையை ஏற்றிவிட வரும் தாய்மார்கள் சீட்டை அமுக்கிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. தம்பியின் மகள், அன்றைய கைக்குழந்தை, இப்போது நர்ஸாக இருக்கிறாள். மருந்துக்கடைக்காரர் மகனுக்கு அவளைப் பேசியிருந்தார்கள். பையன் வீட்டுக்கு மெத்தை மாற்றப் போனது நம் மெத்தைக்காரரேதான். வேலை முடிந்ததும் மருந்துக்கடைக்காரரின் மனைவி சம்பந்தமே வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவள் சொன்னது என் காதுக்கு வந்த விதம்: பெரியப்பா தங்கமான மனுஷன்தான், ஆனால் பெண் பெரியப்பாவுக்கா பிறந்திருக்கிறாள்?

இந்தச் சேதி கிடைத்த சாயங்காலம்தான், வேனைக் குறுக்கே நிறுத்திவிட்டுத் தம்பி வந்து கத்தினார்.

“நீ இடதுகைக்காரன். நீ வாய் தச்சா தையல் ஒருபக்கம் சாயும், நான் தச்சா மறுபக்கம் சாயும். ஒரு மெத்தை, ஒரே ஒரு மெத்தை பழைய தையலோட இருந்திருந்தா, இந்தாங்க பாருங்கன்னு காட்டியிருப்பேன். எல்லாத்தையும் பிரிச்சுட்டியே. வேணும்னே செஞ்சியா?”

மெத்தைக்காரர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். அந்தத் திசையில் அவர் யோசித்திருக்கவே இல்லை என்று சத்தியம் செய்வேன். புண்ணியம் செய்வதாக நினைத்து, இருந்த ஒரே அத்தாட்சியை ஒரு வருடமாகத் தன் கையாலேயே பிரித்துக்கொண்டிருந்திருக்கிறார். தம்பி வேனை எடுத்துக்கொண்டு போன பிறகும் அவர் அங்கேயே நின்றார். மனைவிதான் முதலில் வாயைத் திறந்தாள். சத்தமில்லாமல் கேட்டாள், ஆனால் எங்கள் தெரு குறுகல்.

“அந்த ஆர்டரப்போ ஊர்ல இல்லன்னுதானே சொன்னீங்க?”

அவர் குனிந்து, வாசலில் ஒட்டிக்கிடந்த பஞ்சுத் துணுக்குகளைப் பொறுக்க ஆரம்பித்தார். மனைவி தலையணையைத் தரையில் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எங்கள் மாதா கோயில் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். அம்மாவின் அடக்கத்திலிருந்தே மெத்தைக்காரர் கடைசி பெஞ்சில்தான் உட்காருவார். நற்கருணை அப்பம் வாங்க எல்லாரும் வரிசையில் போகும்போது இவர் மட்டும் எழுந்து வெளியே போய், செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கிக்கொண்டிருப்பார். அதையும் ஊர் பணிவு என்றுதான் சொன்னது. சனிக்கிழமை தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்ய, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்க, போவார். எங்கள் சாமியாருக்கு வயதாகிவிட்டது, காது மந்தம். காது மந்தமானவர்களுக்குத் தாங்கள் பேசுகிற சத்தமும் தெரியாது. அதனால் ஊரில் பாதிப் பேர் பக்கத்து ஊருக்குப் போய்த்தான் பாவம் சொல்வார்கள். நான் ஒட்டுக்கேட்கவில்லை. மின்விசிறி இருக்கும் இடத்தில் உட்காருவேன், அது பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குப் பக்கத்தில் இருந்தால் நான் என்ன செய்வது?

வாராவாரம் உள்ளேயிருந்து ஒரே கேள்விதான் வரும். “மறுபடியும் மெத்தையா?” பிறகு ஒரு பெருமூச்சு. “அதை மன்னிச்சாச்சுப்பா. போன வாரமே மன்னிச்சாச்சு. வேற எதாவது இருந்தாச் சொல்லு.” வேறு எதுவும் இருக்காது. மெத்தைக்காரர் போகும்போது இருந்த அதே முகத்தோடு வெளியே வருவார். மன்னிப்பைக் கையில் கொடுத்தும் அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி.

சண்டைக்கு அடுத்த சனிக்கிழமை மெத்தை என்ற பேச்சே எழவில்லை. சாய்ந்தே உட்கார்ந்திருந்ததில் எனக்குக் கழுத்தே வலித்துவிட்டது. கடைசியில் சாமியாரின் குரல் வந்தது.

“உங்கம்மாகிட்டயா அப்படிச் சொன்ன?”

உள்ளே யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

“கடவுளோட இரக்கத்துக்கு ஒரு குறையும் இல்லப்பா. அவரு எப்பவோ வந்துட்டாரு. நீதான் அவரை வாசல்லயே நிக்க வெச்சுட்டு மெத்தை தச்சுக்கிட்டிருந்திருக்க. இப்ப மன்னிப்பை வாங்கிக்கோ. எல்லாத்தையும் சரிபண்ணிட்டு வந்து வாங்கிக்கறேன்னு சொல்லாத, அது கூலி இல்ல. வாங்கிட்டுப் போய், தம்பி பேரை அவன்கிட்டத் திருப்பிக் குடு.”

வெளியே வந்த மெத்தைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

ஆனால் அந்தப் பிடிவாதக்காரர் ஞாயிற்றுக்கிழமையும் செருப்புதான் அடுக்கினார். மன்னிப்பு கிடைத்துவிட்டது என்பது காதில் ஏறியிருந்தது, உள்ளே இறங்கவில்லை போலிருக்கிறது. முதலில் தம்பி பேர், அப்புறம்தான் நற்கருணை என்று தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமையிலிருந்து அதே வீடுகளுக்கு மறுபடியும் புறப்பட்டார், இந்தத் தடவை வண்டி இல்லாமல். குப்பையை அடைத்தது நான்தான், தம்பி இல்லை என்று சொன்னார். யாராவது நம்ப வேண்டுமே. பாருங்களேன், தம்பி பழியையும் இழுத்துத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர் அழுத்தி அழுத்திச் சொல்லச் சொல்ல, அவர்கள் இன்னும் உருகினார்கள். ஒரு வீட்டில் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆசீர்வாதம் வாங்கச் சொன்னார்களாம். கையை உதறிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். பொய் சொன்னபோது ஒரே பேச்சில் நம்பிய ஊர், உண்மையை ஒரு வாரம் முழுக்கச் சொல்லியும் நம்பவில்லை.

மருந்துக்கடைக்காரரின் மனைவி ஒரு படி மேலே போய்விட்டாள். “தம்பி பொண்ணுக்காகப் பொய் சொல்றீங்கண்ணே, எனக்குத் தெரியாதா? இந்தப் பொய்யைக் கடவுளே மன்னிச்சிருவாரு” என்றாளாம். அவர் மருந்துக்கடைப் படியிலேயே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தலைவலி மாத்திரை கொண்டுவந்து நீட்டியிருக்கிறார்கள்.

அன்று மத்தியானம் எங்கள் வீட்டு மணி அடித்தது. வாசலில் மெத்தைக்காரர். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார், சவரம் செய்திருக்கவில்லை.

“அக்கா, உங்க வீட்டு மெத்தையை நான் இன்னும் பிரிக்கலதானே?”

உண்மைதான். முதல் சுற்றிலேயே வந்து கேட்டார். என் வீட்டுக்காரர் விடவில்லை. இடுப்பு வலிக்கு வைத்தியம் பார்க்காத இடமில்லை, அந்த மெத்தையில் படுத்துப் படுத்துத் தன் உடம்புக்கு ஏற்ற பள்ளம் ஒன்றை உண்டாக்கி வைத்திருந்தார். உள்ளே குப்பை இருந்தால் இருக்கட்டும், அது எனக்குப் பழகின குப்பை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். ஊரிலேயே பழைய தையலோடு மிச்சமிருந்த ஒரே மெத்தை எங்களுடையது.

இந்த முறையும் அவர் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை. மெத்தைக்காரர் கெஞ்சினார், புது மெத்தை தருகிறேன் என்றார். புதுசில் பள்ளம் இருக்குமா என்று கேட்டார் இவர். கடைசியில் நான்தான், ஒரு பெண்ணின் கல்யாணத்தின் மேல் படுத்திருக்கிறீர்களே, வெட்கமாக இல்லையா என்று சத்தம் போட்டு எழுப்பினேன். கல்யாணம் ஒரு காரணம். நடப்பது என் வீட்டு முன்னறையிலேயே நடக்கட்டும் என்பது இன்னொரு காரணம், அதையும் மறைப்பதற்கில்லை.

சாயங்காலம் டீ குடிக்க வா என்று மருந்துக்கடைக்காரரின் மனைவியை அழைத்தேன். அவள் கல்யாணத்துக்கு முன்னால் தையல் வகுப்பு எடுத்தவள். தம்பிக்கும் சொல்லி அனுப்பினேன். அவர் வந்தார், ஆனால் உள்ளே வரவில்லை. வேன் சாவியை விரலில் மாட்டிக்கொண்டு நிலைப்படியில் நின்றார். மெத்தைக்காரரின் மனைவி, கூப்பிடாமலேயே வந்து சுவரோரம் நின்றாள்.

மெத்தை முன்னறையில் கிடந்தது. மெத்தைக்காரர் முட்டி போட்டு உட்கார்ந்து, வாய்த் தையலின் மேல் விளக்கு வெளிச்சம் படும்படி துணியைத் திருப்பினார். கோணி ஊசியில் நூல் கோத்தார். நூல் இரண்டு மூன்று தடவை நழுவியது. பிறகு பழைய தையலுக்குப் பக்கத்திலேயே, இடது கையால், ஒரு சாண் நீளத்துக்குத் தைத்தார். அறையில் நூல் இழுபடும் சத்தம் மட்டும்தான்.

மருந்துக்கடைக்காரரின் மனைவி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, விரலால் தடவிப் பார்த்தாள். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. முடிச்சுப் போட்ட விதம்கூட ஒன்றுதான்.

“ரெண்டும் ஒரே கை” என்றாள். அதோடு விடாமல், வாய் தைத்தவர் நீங்களாக இருக்கலாம், அடைத்தவர் அவராக இருக்கலாமே என்று இழுத்தாள். இருந்த ஒரு மகானையும் இழக்க அவளுக்கு மனசில்லை.

மெத்தைக்காரர் கத்திரியை எடுத்துத் தையலை அறுத்தார். உள்ளே கையை விட்டு உருவினார். பழைய காலுறைகள், மேஜை விரிப்பு, கோட்டின் ஒற்றைக் கை. இத்தனை வருடம் நான் யாருடைய பாவாடையின் மேல் படுத்துத் தூங்கினேனோ, அதுவும் வந்தது.

“வாய் தைக்கறவன் கடைசியாக் கையை விட்டு அமுக்கிப் பாக்காமத் தைக்க மாட்டான். அடைச்சது நான். தச்சது நான். விடுதி மெத்தையும் நான்தான், அப்ப நான் ஊர்லதான் இருந்தேன்.” அதுவரை தரையைப் பார்த்துப் பேசியவர், வாசல் பக்கம் திரும்பினார். “அம்மாகிட்டப் பொய் சொன்னதும் நான்தாண்டா.”

இந்தத் தடவை யாரும் அவரைப் புகழவில்லை. மருந்துக்கடைக்காரரின் மனைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்து, டீயைக் குடிக்காமலேயே எழுந்தாள்.

தம்பி அந்தக் குப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

“எங்கிட்ட எதுக்குச் சொல்ற? எனக்கு முன்னாடியே தெரியும். தெரியாதது அம்மாவுக்குத்தான். அவங்ககிட்ட இப்ப யாரு போய்ச் சொல்றது?”

போய்விட்டார். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. மெத்தைக்காரர் குப்பைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி வந்து காலுறைகளைச் சாக்கில் அள்ளிப் போட ஆரம்பித்தாள். அப்போது உள்ளறையிலிருந்து என் வீட்டுக்காரர், எல்லாம் சரி, இன்றைக்கு நான் எங்கே படுப்பது என்று கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசி பெஞ்சு கொஞ்சம் விசாலமாகவே இருந்தது. மெத்தைக்காரருக்குப் பக்கத்தில் உட்கார யாருக்கும் விருப்பமில்லை. ஆசீர்வாதம் வாங்கச் சொன்ன அதே வீட்டுக்காரர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார்கள். நற்கருணை நேரம் வந்தது. நான் திரும்பிப் பார்த்தேன், எல்லாருமே திரும்பிப் பார்த்தோம். அவர் எழுந்தார். வாசலுக்குப் போகிற மாதிரி ஓரடி வைத்தார், நின்றார். தம்பி அவருக்கு மன்னிப்புக் கொடுக்கவில்லை. ஊர் கொடுத்திருந்த மரியாதையும் போயிற்று. இனி அவர் தைத்து ஈடுகட்ட எதுவும் மிச்சமில்லை. வெறும் கையோடு திரும்பி வரிசையில் கடைசி ஆளாக நின்றார்.

சாமியார் அப்பத்தை உயர்த்தி, கிறிஸ்துவின் திருவுடல் என்றார். மெத்தைக்காரரின் உதடு அசைந்தது.

“என்ன?” என்றார் சாமியார், கோயில் முழுக்கக் கேட்கும்படி.

மறுபடியும் உதடு மட்டும் அசைந்தது.

“சத்தமாச் சொல்லுப்பா, கேக்கல.”

“ஆமென்” என்றார் மெத்தைக்காரர். அந்தக் குரல் கூரை வரை போய்த் திரும்பியது. ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன கையை நீட்டி வாங்கிக்கொண்டு, அழுதுகொண்டே நடந்து வந்தார். அன்றைக்குச் செருப்பெல்லாம் தாறுமாறாகக் கிடந்தது. என்னுடையதைத் தேடவே நேரமாகிவிட்டது.

பிறகு நடந்ததையும் சொல்லி முடித்துவிடுகிறேன். மருந்துக்கடைக்காரர் வீட்டிலிருந்து மறுபடியும் ஆள் வந்தது. பெண் ஒப்புக்கொள்ளவில்லை. தையலைப் பார்த்து என் அப்பாவை நம்புகிற வீடு எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவளோடு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் பையனைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போனாள். மருந்துக்கடைக்காரர் மகனுக்கு இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கல்யாண அழைப்பு தெருவில் எல்லார் வீட்டுக்கும் வந்தது, எதிர்க்கடைக்கு மட்டும் வரவில்லை. ஆனாலும் மெத்தைக்காரர் ஒரு இரட்டை மெத்தை செய்து தள்ளுவண்டியில் கொண்டுபோய்த் தம்பி வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வந்தார். வாய் தைக்காமல், பஞ்சு வெளியே தெரியும்படி திறந்தே விட்டிருந்தார். இரண்டு நாள் அது வாசலிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் பெண்ணின் சாமான்களோடு வேனில் ஏறியபோது அதன் வாய் தைத்திருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். தையல் மறுபக்கம் சாய்ந்திருந்தது.

அண்ணனும் தம்பியும் அதற்குப் பிறகு பேசிக்கொண்டார்களா என்பது மட்டும் எனக்குத் தெரியாமலேயே போய்விட்டது. அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை. அடுத்த வருடமே மெத்தைக்காரரும் மனைவியும் கடையைக் காலி செய்துகொண்டு அவளுடைய அக்கா இருக்கும் ஊருக்குப் போய்விட்டார்கள். சாமான் ஏற்றிய அன்று பள்ளிக்கூட வேன் ஒன்று தெருமுனையில் வெகுநேரம் நின்றது. யாருடையது என்று பார்ப்பதற்குள் லாரி குறுக்கே வந்துவிட்டது.